சேர்த்துத் திருப்பிய பக்கங்கள்

போன வாரம் மகளை ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிட்டு வந்தேன். சேர்த்துவிட்டு வந்தேன் என்பது ஒரு கெத்துக்காகச் சொல்வது. உண்மையில் அவள்தான் என்னைக் கூட்டிப் போனாள். நான் சான்றிதழ் ஃபைலையும் தண்ணீர் பாட்டிலையும் சுமந்துகொண்டு பின்னால் நடந்தேன். பெற்றோரையெல்லாம் ஏசி அரங்கில் உட்காரவைத்து, மாணவர்களுக்கு அங்கே என்னென்ன உதவிகள் உண்டு என்று ஓர் இளம்பெண் திரையில் காட்டினார். மனசு சரியில்லையா, ஆலோசகர் இருக்கிறார். காய்ச்சலா, மருத்துவ மையம். பாடம் ஓடவில்லையா, சீனியர் வந்து சொல்லித்தருவார். எல்லாவற்றையும் போனிலேயே பதிவு செய்துகொள்ளலாமாம். கடைசியில், பார்வையற்ற மாணவர்களுக்கு என்று சொல்லி ஒரு செயலியைத் தொட்டார். பெண் குரல் ஒன்று தமிழ்ப் பாடப்புத்தகத்தை வாசிக்க ஆரம்பித்தது. இருமல் இல்லை, தடுமாற்றம் இல்லை, கொட்டாவி இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் முழங்கையால் இடித்தாள்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்தக் குரலின் வேலையை நான் பார்த்திருக்கிறேன். இருமல், தடுமாற்றம், கொட்டாவி மூன்றோடும் பார்த்திருக்கிறேன்.

தாம்பரம் பக்கம் நான் படித்த கல்லூரியிலும் மாணவர் நல மையம் என்று ஒன்று இருந்தது. சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி ஒரே ஓர் அறை. உள்ளே நுழைந்ததும் தைலமும் நாப்தலீன் உருண்டையும் கலந்து ஒரு வாசனை மூக்கில் ஏறும். ஸ்டெல்லா மேடம்தான் நல அலுவலர். அவரேதான் ஆலோசகர், நர்ஸ், புத்தக வங்கிக்குப் பொறுப்பு, எல்லாமே. தலைவலி என்று போனால் தைலம் தருவார். வயிற்றுவலிக்கும் தைலம்தான். காதல் தோல்விக்கு மட்டும் தைலத்தோடு ஒரு டீ சேர்த்துக் கிடைக்கும். டீக்காகவே மாதம் ஒருமுறை காதலில் தோற்றவர்களை நான் அறிவேன். நான் அவர்களில் ஒருவன் இல்லை. மாதம் இருமுறை தோற்றேன்.

மழைக்காலத்தில் இரவல் கொடுக்க அங்கே ஐந்து கறுப்புக் குடைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக ஓர் எண். சேலையூர் பஸ்ஸில் யாராவது எண் போட்ட குடையோடு ஏறினால், எங்கள் காலேஜ் என்று கண்டக்டருக்கே தெரியும். மூன்றாம் எண் குடை வெகுகாலம் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் தொங்கியது. எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

நான் அந்த அறைக்கு ஒழுங்காகப் போக ஆரம்பித்தது சேவை மனப்பான்மையால் அல்ல. எங்கள் வீடு செம்பாக்கத்தில், ஏரியைப் பார்த்தபடி. விடியற்காலையில் ஏரிக்காற்று ஜன்னல் வழியே வந்து போர்த்திவிட்டுப் போகும். அப்போது எழுந்து பிசிக்ஸ் வகுப்புக்குப் போகிறவன் மனிதனா? மூன்றாம் ஆண்டில் வருகைப் பதிவு பலமாக உதைத்தது. துறைத்தலைவர் கூப்பிட்டு, "நல மையத்துல நாப்பது மணி நேரம் சேவை பண்ணி, மேடம்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வா. இல்லன்னா ஹால் டிக்கெட் கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

ஸ்டெல்லா மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு என்ன வேலை வரும்?"

"பேசுவேன் மேடம்."

"அப்ப பாஸ்கருக்குப் புக் வாசி."

பாஸ்கர் வரலாறு படித்து முடித்தவன், ஒரே ஒரு பேப்பரைத் தவிர. பிறவியிலேயே பார்வை இல்லை. கோவிலம்பாக்கத்திலிருந்து தனியாக இரண்டு பஸ் மாறி வருவான். இறங்கும்போது கண்டக்டரையே கலாய்த்துவிட்டு இறங்குகிற ரகம். இந்தியப் பொருளாதார வரலாறு என்ற தாளில் இரண்டு முறை தோற்றுப்போயிருந்தான். ஒரு மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை அவனுக்காகச் சொல்லிவைத்திருந்தார்கள். டிகிரியோடு வந்தால் உடனே சேரலாம். இந்த முறையும் போனால் அந்த நாற்காலியில் வேறு ஆள்.

நான் டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து புத்தகத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பான். பிறகு கேசட்டை வீட்டுக்கு எடுத்துப்போய்த் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பான். அதுதான் ஏற்பாடு. முதல் நாள் இரண்டு பக்கம் முடித்து நிமிர்ந்தேன்.

"கொரலு நல்லாத்தான் கீது மச்சான்," என்றான். "ஆனா இன்னாத்துக்கு இப்டி ஓடற? போலீஸு தொரத்துதா?"

எங்கள் பக்கத்தில் விமானப்படையின் பயிற்சி விமானம் வானத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அது தலைக்கு மேல் வந்தால் வாசிப்பை நிறுத்த வேண்டும். ரெக்கார்டரில் பாஸ் பட்டன் தேய்ந்துபோயிருந்ததால் விமானமும் பதிவாகும். அதோடு சமோசாக்காரர் குரல், மின்சார ரயில், "ஒரு நிமிஷம்டா வரேன்" என்று ஜன்னலுக்கு வெளியே நான் யாருக்கோ சொன்னது, எல்லாம் பதிவாகும். நிரந்தர நிலவரித் திட்டத்தை அவ்வளவு கலகலப்பாக எந்தப் பேராசிரியரும் நடத்தியிருக்க மாட்டார்.

கடைசி நாள் வந்தது. இன்னும் அரைமணி நேரம் வாசித்தால் நாற்பது மணி. மிச்சமிருந்தது பாசனம் பற்றிய அத்தியாயம். ஜன்னலுக்கு வெளியே என் நண்பன் மேட்னி ஷோ டிக்கெட்டை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தான். நான் கால்வாயை வாசித்தேன். கிணற்றை வாசித்தேன். அடுத்தது ஏரி. புரட்டிப் பார்த்தேன், பதினோரு பக்கம். ஏரியைப் பற்றி என்ன பெரிதாக இருக்கப்போகிறது, தினமும் பார்க்கிறதுதானே என்று பதினோரு பக்கத்தையும் சேர்த்து ஒரே திருப்பு. தொண்டையைச் செருமிக்கொண்டு, "அத்தியாயம் முடிந்தது" என்றேன்.

பாஸ்கர் தலையை ஒரு பக்கம் சாய்த்தான். "முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"சர்தான். போய்க்கினு வா. படம் ஆரம்பிச்சிடப் போவுது."

டிக்கெட் விஷயம் இவனுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கக்கூட நிற்காமல் ஓடினேன்.

எங்கள் தேர்வுகளுக்கு ஒரு வாரம் முன்னால் அரியர் தேர்வு. பார்வையற்றவர் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வேண்டும். அந்தப் பாடம் தெரியாதவனாக இருக்க வேண்டும் என்பது விதி. ஸ்டெல்லா மேடம் என்னையே போட்டார். எந்தப் பாடமும் தெரியாதவன் என்ற தகுதி எனக்கு இருந்ததை அவர் கவனித்திருக்கிறார்.

தனி அறை. எதிரே கண்காணிப்பாளர். நான் வினாத்தாளைச் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தேன். கடைசிக் கேள்வி. இருபது மதிப்பெண். சாய்ஸ் கிடையாது. "தமிழகத்தின் ஏரிப்..." என்றதும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். டெலிபோனும் நாற்காலியும் வேறு யாரோ அதில் உட்கார்ந்திருப்பதும் கண்முன் வந்தன. மன்னிப்புக் கேட்கலாமென்றால் எதிரே கண்காணிப்பாளர்.

"இன்னா மச்சான் நின்னுட்ட? மேல படி."

"ஏரிப் பாசன முறையை விரிவாக விளக்குக" என்று முனகினேன்.

பாஸ்கர் நிமிர்ந்து உட்கார்ந்தான். வாயைத் திறந்தால் கீது, இன்னா என்று பேசுகிறவன், விடை சொல்லும்போது மட்டும் மேடைப் பேச்சாளனாகிவிடுவான். "எழுதிக்கொள். ஏரி என்பது மூன்று பக்கம் கரையும், மேட்டுப்புறம் நீர்வரத்தும் கொண்ட அமைப்பாகும், முற்றுப்புள்ளி. மதகு, காற்புள்ளி, கலங்கல், காற்புள்ளி, வரத்துக்கால்வாய் ஆகியன இதன் உறுப்புகள்." நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்த ஏரிக்கு இவ்வளவு உறுப்புகள் உண்டென்று அன்றுதான் எனக்குத் தெரியும். ஐந்தரைப் பக்கம் எழுதினேன். கை வலித்தது. அவ்வளவு சுகமான கைவலி அதற்குப் பிறகு வந்ததில்லை.

வெளியே வந்ததும் அவன் தோளைப் பிடித்தேன். "டேய், எப்டிடா?"

"ஒரு பக்கம் திருப்புனா ஒரு சத்தம் மச்சான். ஒரு கொத்தா திருப்புனா வேற சத்தம். நாப்பது மணி நேரமா கேக்கறேன், தெரியாதா? நீ போனதும் புக்க மேடத்தாண்ட குட்தேன், அவங்க பட்சாங்க. உன்ன மாதிரி இல்ல, நிறுத்தி பட்சாங்க."

"அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமேடா."

"கேட்டிருந்தா நீ படம் பாத்திருப்பியா?"

கையெழுத்துக்குப் போனேன். ஸ்டெல்லா மேடம் படிவத்தில் முத்து முத்தாக எழுதி நீட்டினார்: முப்பத்தொன்பதரை மணி நேரம். மறுநாள் ஹால் டிக்கெட்டுக்குக் கடைசி நாள்.

"மேடம், பாஸ்கர் பரீட்சையே எழுதிட்டானே. இனிமே யாருக்கு வாசிக்கறது?"

"அடுத்த வருஷப் பசங்களுக்கு. கேசட்ல ஏரி இல்லையேப்பா."

வாசித்தேன். பதினோரு பக்கமும், ஒவ்வொன்றாகத் திருப்பி. எதிரே பாஸ்கர் சமோசாவைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் விரல் மடக்கி எண்ணினான். எட்டாம் பக்கத்தில் விமானம் வந்தது. அதற்கும் காத்திருந்தேன்.

அவன் பாஸானான். அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான். இன்று அந்த மருத்துவமனையின் வரவேற்புப் பிரிவுக்கே அவன்தான் பொறுப்பு. நானும் எப்படியோ பாஸானேன். அதை ஆராய வேண்டாம். ஸ்டெல்லா மேடம் ஓய்வு பெற்று மகனோடு கோவைக்குப் போனார் என்று கேள்வி. நல மையம் இருந்த இடத்தில் இப்போது டூவீலர் பார்க்கிங். சைக்கிள் ஸ்டாண்டே இல்லையே, அதை ஒட்டிய அறை எங்கே இருக்கும்? கேசட்டுகள் என்ன ஆயின என்று யாருக்கும் தெரியவில்லை. விமானம் மட்டும் இன்னும் சுற்றுகிறது.

அரங்கில் அந்த இளம்பெண் கேள்விகள் உண்டா என்று கேட்டார். என் கை தானாகத் தூக்கிக்கொண்டது.

"இதுல பக்கம் திருப்பற சத்தம் வருமாம்மா?"

"அது எதுக்கு சார்?"

"அப்பா, ப்ளீஸ்" என்றாள் மகள், நாற்காலிக்குள் இறங்கிக்கொண்டே.

சாயங்காலம் பாஸ்கருக்கு போன் போட்டு இதைச் சொன்னேன். அவனும் அப்படி ஒரு செயலிதான் வைத்திருக்கிறான். செய்தித்தாள் முழுவதும் பத்து நிமிஷத்தில் கேட்டுவிடுவானாம். விழுந்து விழுந்து சிரித்தான்.

"நல்லா கரெக்டாத்தான் பட்சிக்கினு போவுது மச்சான்," என்றான். "ஆனா எத்த முழுங்குதுன்னு எனக்குத் தெரிய மாட்டேங்குது. உன்னாண்ட அந்த பேஜாரே இல்ல."