என் மனைவியின் கழுத்தில் இருந்தவை

எங்கள் தாராவி வீட்டில் மும்மதங்களும் சமாதானமாக இருந்தது என் மனைவியின் கழுத்தில்தான். சர்ச்சில் மந்திரித்து வாங்கிய மாதா சுரூபம், கீழே தோல் பட்டறை வைத்திருக்கும் பாயின் மனைவி ஓதிக் கொடுத்த வெள்ளித் தாயத்து, பக்கத்து வீட்டு மராட்டிக்காரம்மாவின் அன்பளிப்பாக ஒரு பிள்ளையார் டாலர். போதாததற்குச் சனிக்கிழமைதோறும் வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்கும்.

நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். சாவைப் பற்றி நாள் முழுவதும் சிரித்த முகத்தோடு பேசுகிறவன். எனக்கு இதெல்லாம் ஆகாது. ஒருநாள் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இத்தன பேரு காவல் நிக்காவ, பொறவும் தல வலிக்கா? இன்னைக்கி யாருட்டி டூட்டிக்கு வரல?”

“நீங்க விக்கது மட்டும் என்னவாம்? காயிதத்துல எழுதுன தாயத்துதான?”

அவள் தலைவலி விடவில்லை. மூளையில் கட்டி இருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்பட்டு, ஸ்கேன் எடுக்கச் சொன்னார்.

சயானில் ஸ்கேன் எடுக்கும் இடத்தில் ஒரு பெண், “மெட்டல் ஸப் நிகாலோ, ஆன்ட்டி” என்றாள். மனைவி தாலிச் செயின் முதற்கொண்டு எல்லாவற்றையும் கழற்றி என் கையில் வைத்துவிட்டு, வெறுங்கழுத்தோடு உள்ளே போனாள்.

லாக்கரில் வைக்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். பேன்ட் பையில் போடவும் மனம் வரவில்லை. பக்கத்தில் இருந்தவர் டீ நீட்டினார், அதையும் வாங்கவில்லை. “சப்பல் கிதர் கயா, சாச்சா?” என்று வாட்ச்மேன் கேட்ட பிறகுதான் காலைப் பார்த்தேன். சாமி சமாச்சாரம் கையில் இருக்கிறதென்று செருப்பை எப்போதோ கழற்றிவிட்டிருக்கிறேன். யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் எல்லாரையும் பொதுவாகக் கும்பிட்டேன். பிரீமியமே கட்டாதவன் க்ளெய்ம் கேட்கிற மாதிரி இருந்தது.

அவள் வெளியே வந்து கையை நீட்டினாள். தாலிச் செயினை மட்டும் கொடுத்தேன்.

“மத்தது?”

“ரிப்போர்ட் வரட்டும்.”

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. கட்டி எதுவும் இல்லை. கண்ணாடி போட்டால் போதும் என்றார் டாக்டர். படியிறங்கும்போது அவள் மறுபடி கையை நீட்டினாள்.

“இப்பவாது குடுங்க. ஒங்களுக்குத்தான் நம்பிக்க கெடையாதுல்லா?”

“ஒனக்கு ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துட்டாவ” என்றேன். “எனக்கு இன்னும் பயம் போகலட்டி.”