மூக்கால் எடுக்கும் போன்

என் தங்கை போனை மூக்கால்தான் எடுப்பாள். மணி அடித்ததும் குனிந்து, மூக்கு நுனியைத் திரையில் வைத்து ஓர் இழுப்பு. அதனால் வீடியோவில் எங்களுக்கு முதலில் தெரிவது அவளுடைய மூக்குத் துவாரங்கள். சிரித்த முகம் பிறகுதான் வரும். ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய அந்த விரல்களை போன் விரல்களாகவே மதிப்பதில்லை. "அதுக்கு என் மூக்கத்தான் பிடிச்சிருக்குக்கா, நான் என்ன பண்ண?" என்பாள்.

வெளியூர் இறால் கம்பெனியில் தங்கித் தோல் உரிக்கிறாள். தலையைத் திருகி, ஓட்டைக் கழற்றி, முதுகில் ஓடும் கறுப்பு நரம்பைக் கத்தி முனையால் இழுத்துப் போட அவளுக்கு ஒரு மூச்சு விடும் நேரம் போதும். நானும் கடையில் வாங்கி உரித்துப் பார்த்தேன். பாதிச் சதை ஓட்டோடு போய்விட்டது. "நீ வேலைக்கு வந்தா கம்பெனிய மூடிட்டுப் போயிடுவாங்க" என்றாள்.

சென்ற முறை லீவில் வந்தபோதும் காலையில் தண்ணீர் குடிக்க மறுத்தாள். "பழகிடுச்சுக்கா" என்றாள், அவ்வளவுதான். காரணத்தை அவளோடு வேலை பார்த்துத் திரும்பிய ஒரு பெண்தான் பிற்பாடு சொன்னாள். வரிசை முழுவதற்கும் ஒரே டோக்கன். கழிவறைக்குப் போகிறவள் ஆணியில் தொங்கும் அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவள் திரும்பும்வரை மற்றவர்கள் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். டோக்கன் ஆணிக்கு வந்ததும் முதலில் பாய்ந்து எடுப்பவள் என் தங்கைதான். எடுத்து, வரிசையில் யார் கால் மாற்றி மாற்றி நிற்கிறாளோ அவள் கழுத்தில் மாட்டிவிட்டுத் தன் இடத்துக்கு வந்துவிடுவாள். டோக்கன் அக்கா என்றுதான் அங்கே கூப்பிடுவார்களாம்.

இறாலை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து, வேலையாட்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க ஓர் அதிகாரி அம்மாள் வந்தார். அன்று காலை சுவர் நெடுகப் புது ஆணிகள், ஒவ்வொன்றிலும் டோக்கன். என்ன பதில் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "பாத்ரூம் போகணும்னா விடுறாங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டபோது எல்லோரும் இறாலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் தங்கை கத்தியைக் கீழே வைத்தாள்.

"இன்னைக்கு விடுறாங்க மேடம்."

இதையெல்லாம் என்னிடம் சொன்ன பெண் போனபின், அடுப்படியில் அந்தப் பதிலை நானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். என் குரலுக்கு அது வரவில்லை.

புது டோக்கன்களை அதன்பிறகும் கம்பெனி எடுத்துவிடவில்லை. அடுத்த மாதம் கிடைக்க இருந்த அவளுடைய லீவைத்தான் சூப்பர்வைசர் தள்ளிப்போட்டார். எதுவரை என்று சொல்லவில்லை. "ஆள் பத்தலையாம்கா" என்று என்னிடம் சொன்னவள், எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

அவள் மகள் என்னிடம்தான் வளர்கிறாள். அம்மா வருகிறாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து, சுவரோரம் ஓர் ஆள் படுக்க இடம் விட்டுத்தான் கட்டிலில் படுக்கிறாள். நேற்றும் போனில் கேட்டாள்.

"எப்பம்மா வருவ?"

"லீவு குடுத்ததும் ஓடி வந்துடுவேன்டா கண்ணு."

"நீ நல்லா கேக்கவே மாட்டேங்கற."

"கேட்டுக்கிட்டேதான்டா இருக்கேன். உங்கம்மா வாய் சும்மாவா இருக்கும்? பெரியம்மாவக் கேளு."

அந்தப் பக்கம் ஷிஃப்ட் மணி அடித்தது. "வச்சிடட்டுமா?" என்றபடி குனிந்தாள். மூக்கு பெரிதாகிக்கொண்டே வந்தது. இங்கே மகளும் எக்கித் தன் மூக்கைத் திரையில் ஒட்டினாள்.

போனை அணைக்க வந்த மூக்கு, திரையைத் தொடாமல் அப்படியே நின்றது.