ஒரே உறையில் இரண்டு நெஞ்சு

என் மாமாவுக்குப் புகையை ஒளித்துவைக்கத் தெரியும். அப்பாவின் தங்கச்சி புருஷன் அவர். லுணுகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அடுத்த காம்பரா அவர்களுடையது. வேலை விட்டு வந்ததும் வாசலில் குந்தி, பீடியை நீளமாக ஒரு இழுப்பு இழுப்பார். பிறகு வாயைத் திறந்து காட்டுவார். உள்ளே ஒன்றும் இருக்காது. பிளேன்டீயில் ஒரு மடக்குக் குடிப்பார். வானத்தைப் பார்ப்பார். லயத்துப் பிள்ளைகள் எல்லோரும் அவர் மூக்கையே பார்த்துக்கொண்டு நிற்போம். இனி வராது என்று நாங்கள் முடிவு கட்டுகிற சமயத்தில் அது வரும். இரண்டு துவாரத்திலிருந்தும் வெள்ளையாக, ஒரு அவசரமும் இல்லாமல்.

இவ்வளவு நேரம் அது எங்கே இருந்தது என்று ஒருநாள் கேட்டேன். மாமா நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

"உள்ளுக்கு ஒரு காம்பரா கட்டி வச்சிருக்கேன் மாப்ள. தொரைக்குக்கூடத் தெரியாது."

நான் அதை நம்பினேன். தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டப்போகிற முதல் ஆள் நான். ஆனாலும் மனிதனுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு அதுவரை யாரும் சொல்லித்தந்திருக்கவில்லை.

அத்தை பீடியைத் தொட்டதே இல்லை. மாமா பற்றவைக்க அடுப்பிலிருந்து கொள்ளி எடுத்து நீட்டுவதோடு சரி. அவளுக்கு இருந்த புகையெல்லாம் அடுப்புப் புகைதான். கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து கட்டிக்கொண்டு வரும் தேயிலைக் குச்சிகளை நாங்கள் மிலாறு என்போம். மழைக்காலத்தில் மிலாறு காயாது. ஊதினால் எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். புகை போக்கி என்று ஒன்று லயத்தில் கிடையாது. புகை கூரைத் தகரத்தை முட்டி, கீழே இறங்கி, எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மெதுவாகக் கதவு வழியாகப் போகும். அத்தை இருமினால் மிலாறு ஈரம் என்று சொன்னார்கள். வெயில் காலம் வந்தது, மிலாறு காய்ந்தது, அத்தை இருமிக்கொண்டேயிருந்தாள். சட்டை தோளில் நிற்காமல் நழுவத் தொடங்கிய பிறகுதான் தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா, கசமாக, அதாவது காசநோயாக, இருக்கலாம் என்று பதுளை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். ஒரே வீட்டில் இருப்பவர், அவரும் இருமுகிறவர் என்பதால் மாமாவையும் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்க்கச் சொன்னார்.

படம் எடுத்து வந்த அன்று எங்கள் லயத்தில் திருவிழா மாதிரி இருந்தது. குளிர்ந்த பலகையில் நெஞ்சை ஒட்டி நிற்கச் சொன்னார்களாம், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்களாம். அதற்கு முன்னால் கழுத்தில் இருப்பதைக் கழற்றச் சொன்னார்களாம். அந்த இடத்தைச் சொல்லும்போது அத்தையின் குரல் உயர்ந்தது.

"அவரு வெளிய வாங்குல உக்காந்திருக்காரு. நான் உள்ள தாலியக் கழட்டுவேனா? செத்தாலும் மாட்டேன்னுட்டேன்."

படம் எடுக்கிறவர் சிங்களத்தில் சொல்லிப் பார்த்திருக்கிறார், கையால் காட்டிப் பார்த்திருக்கிறார். பின்னால் வரிசை நீளவே அலுத்துப்போய், கயிற்றை இழுத்துத் தோள்பக்கமாக ஒதுக்கிவிட்டு எடுத்தாராம். சுற்றி நின்ற பெண்கள் தலையை ஆட்டினார்கள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அந்தக் கயிறு மாற்றுவதற்குத் தவிர அவள் கழுத்தைவிட்டு இறங்கியதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு படங்களையும் ஒரே பழுப்பு உறையில் போட்டு, அடுத்த வாரம் நெஞ்சு டொக்டர் வரும் நாளில் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மூலையில் இலக்கங்கள் மட்டும் இருந்தன. எந்த இலக்கம் யாருக்கு என்பது ஆஸ்பத்திரியோடு நின்றுவிட்டது. மாமா ஒவ்வொரு படமாக எடுத்து, மேல் மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, வாசல் வெளிச்சத்துக்கு உயர்த்தினார்.

அன்று நான் பார்த்ததை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. மலையில் தேயிலை நிரைகள் வளைந்து போவதுபோல விலா எலும்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வளைந்து போயின. நடுவில் முதுகுத்தண்டு. ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் இருதயம். இருமுகிற, ஏசுகிற, ரொட்டி சுடுகிற மனிதர்களுக்குள் யாருக்கும் தெரியாமல் இப்படி ஒரு ஒழுங்கு இருக்கிறதா என்று எனக்கு மூச்சே நின்றுவிட்டது. ஒரு படம் தெளிவாக இருந்தது. மற்றதில், எலும்புகளுக்குப் பின்னால், மழைக்கு முன்பு எங்கள் மலையில் வந்து ஒட்டிக்கொள்ளும் மேகம் மாதிரி ஒரு வெள்ளை.

மறுநாள் மாமா அதேபோலத் தூக்கிப் பிடித்துக் காட்ட, டிஸ்பென்சரி ஐயா அந்த வெள்ளையைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். கறுப்பாகத் தெரிவது காத்து, அது நல்லது, இந்த வெள்ளை நல்லதில்லை, ஆனால் டொக்டர்தான் சொல்ல வேண்டும் என்றார். இது யாருடைய படம் என்று கேட்டார்.

"என்னோடதுதாங்க" என்றார் மாமா. "மீசை மொளைக்காத காலத்துல இருந்து பீடி குடிக்கிறேன். வேற யாருக்கு வரும்?"

ஒருவரும் சந்தேகப்படவில்லை. எனக்குச் சந்தேகம் வர வழியே இல்லை. மாமா கட்டிய ரகசியக் காம்பராவை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். வெளியே வராமல் தங்கிப்போன புகைதான் அது.

அந்த ஒரு வாரம் மாமா சாகத் தயாரானார். அதை அவர் ஒரு பெரிய மனிதருக்குரிய நிதானத்தோடு செய்தார். பீடியை விட்டார். ரேடியோ அப்பாவுக்கு என்றார். அதை இப்போதே கொடுத்தால் மேட்ச் கேட்கலாம் என்று பக்கத்துக் காம்பராக்காரர் சொன்னதற்குச் சிரித்தார். கோழி இட்ட முட்டையெல்லாம் அவருக்குத்தான். அத்தை இருமி இருமி அடுப்பு ஊதி, அவித்து, தோலுரித்துக் கையில் கொடுப்பாள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் இருட்டோடு மாரியம்மன் கோயிலுக்கு ஏறிப்போய்ப் புருஷனுக்காகக் கும்பிட்டாள். பாதி வழியில் மூச்சு வாங்கக் கல்லில் உட்கார்ந்துவிட்டுப் போவாளாம். அவளுக்குக் கசம்தான், மாத்திரையில் சரியாகிவிடும் என்று எல்லோரும் ஒருவழியாக நிம்மதிப்பட்டிருந்தோம்.

நானும் என்னால் ஆனதைச் செய்தேன். "மாமா, உள்ள இருக்கிறத ஒரேயடியா ஊதிருங்க" என்றேன். அவர் என்னை நம்பி, வாசலில் நின்று, கன்னம் உப்ப ஊதிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

பதுளைக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் படிக்கிற பிள்ளை ஒன்றைக் கூட வைத்துக்கொள்வார்கள், கதவுமேல் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்ல. டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். சுவரில் வெளிச்சப் பெட்டி ஒன்று இருந்தது. இரண்டு படங்களையும் அதில் பக்கத்தில் பக்கத்தில் செருகி, சுவிட்சைப் போட்டார். வாசல் வெளிச்சத்தில் பார்த்ததெல்லாம் ஒன்றுமேயில்லை. இரண்டு நெஞ்சுகள் அந்த அறையில் நிலவு மாதிரி எரிந்தன.

அவர் பேரும் இலக்கமும் எழுதிய கொப்பியைப் பார்த்துவிட்டு அத்தையை முன்னால் வந்து இருக்கச் சொன்னார்.

மாமா எழுந்து நின்றார். தவறு நடந்திருக்கிறது, படம் மாறியிருக்கிறது, அந்த வெள்ளை தன்னுடையது என்றார். டொக்டர் இலக்கத்தைக் காட்டினார். இலக்கமும் மாறியிருக்கும் என்றார் மாமா. கெஞ்சுகிற குரல் இல்லை அது. தன் சொத்தை யாரோ எடுத்துப் போவதைத் தடுக்கிற குரல். டொக்டர் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். பிறகு தோளெலும்புக்குப் பக்கத்தில், மேல் மூலையில் விரலை வைத்தார்.

"இது என்னெண்டு பாருங்கோ."

வீட்டில் எத்தனையோ முறை மாமா அந்தப் படத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். அவருடைய கட்டைவிரல் இருந்த இடம் அது. இப்போது விரல் இல்லை. அங்கே சின்னதாக, மற்ற எல்லா வெள்ளையையும்விட வெள்ளையாக, ஒரு பொட்டுத்தாலியும் அதன் இரண்டு பக்கமும் இரண்டு குண்டுமணியும் இருந்தன. கயிறு தெரியவில்லை. வானத்தில் தொங்குவதுபோல அவை தானாகவே தொங்கின.

அத்தை சட்டைக்குள்ளிருந்து தாலியை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது பயம் இல்லை. அந்தப் படத்தில் அது இவ்வளவு அழகாக விழுந்திருக்கிறதே என்கிற ஆச்சரியம்தான்.

மாமா உட்கார்ந்துவிட்டார். வீட்டில் அடுப்புப் புகை வெளியே போக வழி உண்டா, யார் பீடி குடிப்பது, உள்ளேயிருந்தா என்றெல்லாம் டொக்டர் கேட்டார். எல்லாவற்றுக்கும் அத்தைதான் பதில் சொன்னாள். கடைசியில் மாமா வாயைத் திறந்தார்.

"நான் குடிச்சதுக்கு இவளுக்கு எப்புடிங்க ஐயா?"

"குடிக்கிறவருக்குத்தான் ஆபத்துக் கூட. ஆனா பக்கத்தில இருக்கிறவையும் அந்தப் புகையைத்தானே இழுக்கினம். அடுப்புப் புகையும் அப்பிடித்தான்." டொக்டர் மாமாவின் பக்கம் திரும்பினார். "ஒரு புகையும் படாத ஆக்களுக்கும் இது வாறதுண்டு. உங்களாலதான் எண்டு நான் சொல்லமாட்டன். ஒருத்தராலயும் சொல்லேலாது."

கட்டி மாதிரித் தெரிகிறது, சதை எடுத்துப் பார்த்தால்தான் உறுதி, கொழும்புப் பக்கம் அனுப்புகிறேன் என்றார். மாமாவிடம், விட்ட பீடியை விட்டபடியே இருக்கச் சொன்னார். இப்போது தெளிவாக இருக்கிறது என்பதற்காக எப்போதும் இருக்கும் என்று நினைக்கக் கூடாது என்றார்.

அந்த வார்த்தைகளெல்லாம் எனக்கு நினைவிருக்கின்றன. அப்போது காதில் மட்டும்தான் விழுந்தன. என் கண் அந்தப் பெட்டியிலேயே இருந்தது. மாமாவின் நெஞ்சு சுத்தமாக இருந்தது. அப்படியானால் அந்த ரகசியக் காம்பராவை அவர் தனக்குள் கட்டவேயில்லை, அத்தைக்குள் கட்டியிருக்கிறார். இதைவிடப் பெரிய வித்தை உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்தேன்.

திரும்பும் பஸ் பசறை தாண்டிக்கொண்டிருந்தது. அத்தை ஜன்னலோரம், நான் நடுவில். வளைவுகளில் மாமா என்மேல் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தார். திடீரென்று, அன்றைக்குத் தாலியைக் கழற்றியிருக்கலாமே என்றார். கழற்றியிருந்தால் இன்னும் அந்தப் படம் தன்னுடையது என்றே சொல்லிக்கொண்டிருந்திருப்பார், வேறென்ன. அத்தை அவர் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"கழட்டாம நின்னதுனாலதான் அது என்னோட நின்னுச்சு. இல்லாட்டி உங்ககிட்டல்ல வந்திருக்கும்."

அவள் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னாள். ஒரு சின்னப் பொட்டுத் தங்கம், நோயையே வழிமறித்துத் திருப்பியிருக்கிறது. மாமா முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். வளைவுப் பாதையில் அவருக்குத் தலை சுற்றுகிறது என்று எண்ணி, எச்சில் துப்ப வேண்டுமா என்று கேட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா கூரையில் ஏறினார். அடுப்புக்கு நேர்மேலே தகரத்தை வெட்டி ஒரு துவாரம் போட்டார். லயத்தில் கைவைக்கத் தோட்டம் விடாது. கங்காணி கீழே நின்று சத்தம்போட, வேண்டுமானால் தொரையையே வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு வெட்டினார். அத்தை கம்பளியைப் போர்த்தி வாசலில் உட்கார்ந்திருந்தாள். என் அம்மா உள்ளே ஈர மிலாறைப் பற்றவைத்தாள். கூரையிலிருந்து புகை நேராக, வெள்ளையாக, ஒரு மரம் எழுவதுபோல எழுந்தது. எத்தனையோ வருசமாக ஒளித்துவைத்ததையெல்லாம் மாமா ஒரேயடியாக வெளியே விடுகிறார் என்று நினைத்து நான் கைதட்டினேன். மற்றப் பிள்ளைகளும் தட்டினார்கள். அத்தையும் தட்டினாள்.

அடுத்த மழைக்காலம் வரை அத்தை இருந்தாள். கொழும்புக்குப் போனார்கள், வந்தார்கள், முடி கொட்டியது. பிறகு போகவில்லை. அவளுக்கு மஞ்சள் பூசி, புதுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கழுத்தில் கயிறோடு எடுத்தார்கள். புருஷனுக்கு முன்னால் போகக் கொடுத்துவைத்தவள் என்று லயத்துப் பெண்கள் மாமாவிடம் ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். அத்தை வென்றுவிட்டாள் என்று எனக்கும் பெருமையாக இருந்தது. மாமா மட்டும் யாருக்கும் தலையாட்டவில்லை.

அதன் பிறகு அவர் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். அவர்களுடைய அடுப்பு எரியவில்லை. மழை அந்தத் துவாரம் வழியாக இறங்கி, சாம்பலைக் கரைத்து, வாசல்வரை ஓடியது. அப்பா ஒரு துண்டுத் தகரமும் ஆணியும் கொண்டுபோய்க் கொடுத்தார். மாமா வாங்கிச் சுவரில் சாய்த்துவைத்தார். நான் ஏறி அடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் மாப்ள, திறந்தே இருக்கட்டும் என்றார்.

அடுப்பே எரியாத வீட்டில் புகைக்கு எதற்கு வழி என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. துவாரத்துக்கு நேர் கீழே பாயை விரித்து, மேலே பார்த்தபடி அவர் படுத்திருப்பார். இன்னும் ஏதாவது வெளியே போக மிச்சம் இருக்கும்போலிருக்கிறது என்று எண்ணி, நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்த்திருக்கிறேன். வானம் மட்டும்தான் தெரிந்தது.