பஸ்ஸில் கொடுத்த பன்

பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரி இல்லை. ஆனால் அன்றைக்கு ஒரு டாக்டரிடம், நேருக்கு நேர், கூசாமல் சொன்னேன்.

மகளுக்கு அப்போது நான்கு வயது. சங்கராபுரத்தில் எங்கள் வீட்டில் கட்டில் மேல் குதித்து விளையாடினாள். விளிம்பில் விழுந்து புருவம் பிளந்துவிட்டது. துணியை வைத்து அழுத்திக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏறினேன். கத்தல் ஓயவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவசரமாக வாங்கிய பன்னைப் பிய்த்துப் பிய்த்து ஊட்டினேன், முழுசும் தின்றாள். அழுகிற பிள்ளை வாயில் எதையாவது திணிப்பது எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான்.

ஆஸ்பத்திரி பெஞ்சில் பக்கத்தில் இருந்த பெண் என் காதோரம் குனிந்தாள். "துன்னுச்சுன்னு சொன்னா தையல் போட மாட்டாங்கமா. விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்குப் போன்னுடுவாங்க. ஒண்ணும் குடுக்கலன்னு சொல்லிடு."

கடைசியாக என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டதும் அவள் சொன்னபடியே பன்னை மறைத்தேன். "காலைல கஞ்சி குடிச்சதுதாங்க."

கண்ணுக்குப் பக்கத்தில் தைக்க வேண்டும், குழந்தை அசையக் கூடாது, கொஞ்ச நேரம் தூங்க வைக்கிறோம் என்றார். கை கழுவிக்கொண்டே, "வயிறு காலியா இருக்கறது நல்லதா போச்சு. இல்லன்னா தூக்கத்துல வாந்தி வந்து நுரையீரலுக்குள்ள போயிடும். மூச்சு நின்னாலும் நின்னுடும்" என்றும் சொன்னார்.

பஸ்ஸில் ஊட்டிய பன்தான் கண் முன்னால் நின்றது. சொல்ல வேண்டும், வாய் வரவில்லை. எல்லார் முன்னாலும் திட்டுவாரே என்று அந்த நேரத்திலும் மானம் பார்த்தேன். சீ, நானும் ஒரு தாயா! நர்ஸ் தூக்க மருந்தை சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்துக்கொண்டு, அதைச் செலுத்த மகளின் கையில் முன்பே செருகி ஒட்டியிருந்த சின்னக் குழாயைப் பிடித்தார்.

"பன்னு குடுத்தேங்க! பஸ்ல, முழு பன்னு!" என்று கத்திவிட்டேன்.

நர்ஸின் கை அப்படியே நின்றது. "இன்னாம்மா நீ, இத முன்னாடியே சொல்ல மாட்டியா?" என்றார். டாக்டர் திட்டவில்லை. தூக்க மருந்து வேண்டாம், அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்துத் தைக்கிறேன், நீங்கள் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

மரத்துப்போக வைக்கிற ஊசி புருவத்தில் இறங்கியதும் அலறினாள். அலறி அலறி வாந்தி எடுத்தாள். நர்ஸ் சட்டென்று அவளைப் பக்கவாட்டில் திருப்பினார். என் புடவையெல்லாம் பன், மெல்லாமல் விழுங்கிய துண்டு துண்டாக. இருமினாள், மூச்சு வாங்கினாள், மறுபடி அழுதாள். அவள் அழுவதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றுதான்.

அதற்குப் பிறகு போட்ட தையல் அவளுக்கு வலிக்கவே இல்லை. நடுவில் "முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள்.

புடவை ஏன் இப்படி நாறுகிறது என்று வீட்டுக்காரர் கேட்டார். "ஊசி போட்டதுல வாந்தி எடுத்துட்டா" என்றேன். வாந்தியில் என்ன வந்தது, டாக்டரிடம் நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அது எங்கே போயிருக்கும் என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.