நடுங்கிய தாள்

போன திங்கட்கிழமை வார்டு அட்டெண்டர் முனிரத்தினம் என் அறைக்குள் வந்ததும், முதல் காரியமாக ஃபேனை நிறுத்தினார். எதற்கு என்கிறீர்களா? சொல்கிறேன்.

ஆனேக்கல் பக்கத்தில் இருபத்திரண்டு வருடம் டாக்டராக நான் ஊசி போட்ட கதைகளை வாரா வாரம் இந்தப் பத்தியில் பொறுத்துக்கொண்டவர்கள் நீங்கள். இப்போது பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரிக்கு சூப்பிரண்டெண்ட். ஸ்டெதஸ்கோப் டிராயரில் தூங்குகிறது. நாள் முழுக்க ஃபைல், மீட்டிங், மறுபடி ஃபைல்...

நாலு மாதம் முன்பு முனிரத்தினத்தின் ஃபைல் வந்தது. டியூட்டியில் குடிக்கிறார், கை நடுங்குகிறது, ட்ரேயைக் கீழே போடுகிறார், சிஸ்டர்களிடம் எரிந்து விழுகிறார் — மூன்று பேர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். சஸ்பென்ஷன் ஆர்டர் தயார். என் கையெழுத்துதான் பாக்கி. பேனாவைத் திறந்தும் விட்டேன். எதற்கும் ஆளைப் பார்த்துவிடலாமே என்று கூப்பிட்டனுப்பினேன்.

வந்து நின்றார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. வெளியே மழைக் குளிர். அவருக்கோ நெற்றியெல்லாம் வியர்வை.

"பத்து வருஷமா மோந்துகூடப் பாக்கல சார். எங்க வூட்டாண்ட வந்து கேளுங்க" என்றார்.

சாப்பாடு எப்படி என்று கேட்டேன். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டுவதில்லையாம். கையைப் பிடித்துப் பார்த்தால், நாடி தடதடவென்று ஓடுகிறது.

ஆனேக்கலில் எனக்கு லேப் வசதி கிடையாது. அதனால் ஒரு வித்தை வைத்திருந்தேன். ஃபேனை நிறுத்தி, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு தாளை வைப்பேன். லேசான நடுக்கம்கூட அதில் தெரிந்துவிடும். அன்று மேஜையில் கைக்கு அகப்பட்ட தாள் — அந்த சஸ்பென்ஷன் ஆர்டர்தான். தன் வேலையைப் பறிக்கப்போகும் காகிதத்தைத் தானே ஏந்திக்கொண்டு நின்றார் மனிதர். அது படபடத்தது.

ரத்தப் பரிசோதனை உறுதி செய்தது. குடி இல்லை, தைராய்டு. அளவுக்கு மீறிச் சுரந்திருக்கிறது. ஆர்டரைக் கிழித்துப் போட்டுவிட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தேன். சூப்பிரண்டெண்ட் ஆன பிறகு அவ்வளவு சந்தோஷமாக நான் மதியச் சாப்பாடு சாப்பிட்டதில்லை.

ஒரு உறுத்தலும் உண்டு. அதற்கு முன் ஆளைப் பார்க்காமல் எத்தனை கையெழுத்துப் போட்டேனோ? ஃபைலுக்கு நாடி கிடையாதே! இப்போதெல்லாம் ஆள் முதலில், பேனா பிறகு.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். ஃபேனை நிறுத்திய முனிரத்தினம் கைகளை நீட்டி, தானே ஒரு தாளை மேலே வைத்துக்கொண்டார். கன்னத்தில் சதை பிடித்திருந்தது.

"பாருங்க சார், ஆடுதா?"

துளியும் ஆடவில்லை. மனம் நிறைந்துபோய் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். மகள் கல்யாணத்துக்கு லீவு லெட்டர். இருபது நாள்! வார்டில் ஏற்கெனவே ஆள் பற்றாக்குறை.

கையெழுத்துப் போட்டேன். இந்த முறை நடுங்கியது என் கைதான்.