பாத்துக்க ஒரு ஆள்

மூன்று வருஷம் கழித்து என் தம்பி வெளிநாட்டிலிருந்து வந்தான். வந்தது அவன் மச்சினன் கல்யாணத்துக்கு. கோயம்புத்தூரில் மாமனார் வீட்டில் மனைவி பிள்ளைகளோடு இரண்டு வாரம் இருந்துவிட்டு, கடைசியில் தான் மட்டும் கிளம்பி வந்து எங்களுக்கென்று ஒரு ராத்திரியும் ஒரு பகலும் ஒதுக்கினான். அந்தப் பகலையும் கொடைக்கானல் பாறை இடுக்குகளில் டப்பா தேடுவதில் செலவழித்தான். நான் கைப்பையைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னாலேயே அலைந்தேன். இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

அவனிடம் நான் கேட்க வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என் கர்ப்பப்பையில் கட்டி. மாதத்தில் பாதி நாள் உதிரம் நிற்பதில்லை. நாலு படி ஏறினால் கண் இருட்டுகிறது. இனியும் தள்ளிப்போட்டால் நான் பொறுப்பில்லை என்று திண்டுக்கல் டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆபரேஷன் முடிந்தால் மூன்று மாதத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாதாம். நான் தினமும் தூக்குவது குடம் இல்லை, அப்பாவை. பக்கவாதத்தில் வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்ட மனிதர். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கக்கூசுக்கு, அங்கிருந்து மறுபடியும் கட்டிலுக்கு என்று ஒவ்வொரு நாளும் போகிறது.

என் வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு அடிக்கிற டிரைவர். வாரத்தில் இரண்டு நாள் பாலசமுத்திரம் வீட்டில் இருந்தால் அதிகம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் எனக்கு வேலையே இல்லை என்று சொந்தக்காரர்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். தம்பி ஒரே ஒரு மாதம் வந்து அப்பாவோடு இருந்தால் போதும். மிச்ச நாளைக்கு லோடை விட்டுவிட்டு நான் இருக்கிறேன் என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். போனில் இதைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் தம்பி, "நேர்லதான வர்றேன்? உக்காந்து நிதானமா பேசுவோம்க்கா" என்று வைத்துவிடுவான்.

நேரில் வந்தவன், "வெள்ளனே கெளம்பி கொடைக்கானல் போயிட்டு வருவோம்க்கா. போற வழியெல்லாம் பேசிக்கிட்டே போலாம். நீயும் வீட்டுக்குள்ளயே கெடக்க" என்றான். அந்தக் கடைசி வார்த்தைக்கு நான் மயங்கிவிட்டேன். என்னை ஒருத்தர் வெளியே கூட்டிக்கொண்டு போய் எத்தனை காலம். பக்கத்து வீட்டு மதினியிடம் கெஞ்சி அப்பாவோடு உட்கார வைத்தேன். "பொழுது சாயுறதுக்குள்ள வந்துருங்க, எனக்கும் சோலி கெடக்கு" என்று அவள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொன்னாள். புளிச்சோறும் உருளைக்கிழங்கும் கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

மாமனார் காரை அவனே ஓட்டினான். மலை ஏறத் தொடங்கியதும் நான் தொண்டையைச் செருமினேன். "இரு அக்கா, இந்த வளைவுங்க முடியட்டும்" என்றான். பழனியிலிருந்து போகிற அந்தப் பாதையில் வளைவு எங்கே முடிகிறது? முடிந்த இடத்தில் செக்போஸ்ட் வந்தது. பிளாஸ்டிக் பாட்டில் மேலே கொண்டுபோகக் கூடாது என்று என் தண்ணீர் பாட்டிலை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தம்பியின் பையில் மூடி போட்ட புது பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருந்தது. "இது சோத்து டப்பாங்க" என்று சொல்லித் தப்பித்துவிட்டான்.

அது எதற்கு என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஜியோகேச்சிங் என்று ஒரு விளையாட்டாம். யாரோ ஒருத்தர் ஒரு டப்பாவைக் காட்டிலோ பாறையிலோ ஒளித்துவைத்து, அது இருக்கிற இடத்தை இணையத்தில் போட்டுவிடுவார். மற்றவர்கள் செல்போனைப் பிடித்துக்கொண்டு தேடிப் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே ஒரு சுருள் காகிதம் இருக்கும், அதில் பேர் எழுத வேண்டும். ஒரு சாமானை எடுத்துக்கொண்டு வேறொரு சாமானைப் போட்டுவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். "அப்புறம்?" என்றேன். "அவ்வளவுதான்" என்றான். அவன் இருக்கிற ஊரில் சனி ஞாயிறானால் குடும்பத்தோடு கடலோரப் பாறைகளில் இதைத்தான் தேடுகிறார்களாம். ஊரிலிருந்து நான் போன் போட்டால் எடுக்காத சனி ஞாயிறுகள் எங்கே போயின என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

முதல் டப்பா தூண் பாறைக்குப் பக்கத்தில். சுற்றுலா வந்தவர்கள் எல்லாரும் பாறையைப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டிருக்க, என் தம்பி மட்டும் அதற்கு முதுகைக் காட்டி மதில் சுவரின் கல் இடுக்கில் கையை விட்டுத் துழாவினான். பாச்சை பூச்சி கடித்துவிடப் போகிறது என்று நான் பதறினேன். கட்டைவிரல் அளவு குப்பி ஒன்றை எடுத்து, "கெடச்சிருச்சுக்கா!" என்று கத்தினான். உண்மையைச் சொல்கிறேன், அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இவ்வளவு குளிர்ந்த மனசோடு இருக்கிறான், இப்போது கேட்டால் மாட்டேன் என்று சொல்ல மாட்டான் என்று நினைத்தேன். கேட்க வாயைத் திறந்தேன். "அடுத்தது வட்டக்கானல்ல, டால்பின் நோஸ் பாறை. அங்க உக்காந்து சாப்டுக்கிட்டே பேசலாம். செம அமைதியா இருக்கும்" என்றான்.

டால்பின் நோஸுக்குக் கார் போகாது. செங்குத்தான இறக்கம், மரத்தின் வேர்களைப் படியாக மிதித்துத்தான் இறங்க வேண்டும். அன்றைக்கு எனக்கு உதிரப்போக்கு அதிகம். இதைத் தம்பியிடம் எப்படிச் சொல்வது? அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வேராக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டே முன்னால் போனான். நாலு முறை திரும்பி, "வெரசா வாக்கா" என்றான்.

கீழே பாறை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கப்பால் ஒன்றும் இல்லை, மேகம்தான். எங்க ஊர் கடல் மாதிரியே இருக்கு என்றான். எங்க ஊர் என்று அவன் சொன்னது பாலசமுத்திரத்தை இல்லை. அங்கே கடல் ஏது? பிறகு பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தான். குப்புறப் படுத்து அடியில் பார்த்தான். செல்போன் இங்கேதான் என்கிறது, டப்பாவைக் காணோம்.

பாதையோரமாக எலுமிச்சை டீயும் பிரெட் ஆம்லெட்டும் போடுகிற ஒரு பெண், இவன் படுகிற பாட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

"என்னங்க தேடுறீங்க? மூடி போட்ட டப்பாவா?"

"ஆமா! பாத்தீங்களா?"

"பாத்தோம்ங்க. எரிச்சுட்டோம்."

தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் நிதானமாகச் சொன்னாள். போன சீசனில் அவளுக்கும் பக்கத்துக் கடைக்காரிக்கும் வியாபாரமே இல்லாமல் கிடந்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து யாரோ ஒரு பெண்பிள்ளை இந்தப் பாறை இடுக்கில் கையை விட்டு எதையோ வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். போய்ப் பார்த்தால் டப்பா. திறந்தால் உள்ளே கையளவு பொம்மை, துருப்பிடித்த சாவி, சிவப்புக் கயிறு, கூடவே ஆட்களின் பேராக எழுதிச் சுருட்டிய காகிதம்.

"பேரு எழுதிச் சுருட்டி, பொம்மையும் கயிறும் வச்சு, பாறைக்கு அடியில சொருகியிருந்தா நாங்க என்னன்னுங்க நெனைப்போம்? செய்வினைன்னு பகீர்னு ஆயிருச்சு. கையால தொடலைங்க, குச்சியாலயே தள்ளிக் கொண்டாந்து, உப்பு மொளகா சுத்திப் போட்டு, சூடம் வச்சுக் கொளுத்திட்டோம். அதுக்குப் பெறகுதாங்க யாவாரமே தெளிஞ்சுச்சு."

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான். தம்பிக்கோ கோபம் தலைக்கேறிவிட்டது. எத்தனை நாட்டு ஆட்கள் பேர் எழுதிய காகிதம் தெரியுமா, அடுத்தவர் பொருளை எப்படிக் கொளுத்தலாம், படிக்காத ஜனங்களால்தான் நாடே இப்படி இருக்கிறது என்று பாதி இங்கிலீஷில் பொரிந்து தள்ளினான். அவள் அசரவில்லை. "பொருளுன்னா ஆளு இருக்கணும்ங்க. ஆளில்லாம காட்டுல கெடந்தா எங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று சொல்லிவிட்டு டீ ஆற்றப் போய்விட்டாள்.

பாறையில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தேன். இனி அவன் மனசு குளிரும் என்று காத்திருந்தால் பொழுதுதான் சாயும். நேராகச் சொல்லிவிட்டேன். கட்டி, உதிரப்போக்கு, ஆபரேஷன், தூக்கக் கூடாது என்பது, ஒரு மாதம் என்பது, எல்லாம். உடன்பிறந்தவனிடம் உதிரப்போக்கு என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. அதையும் சொன்னேன்.

அவன் சோற்றை மென்று முடித்தான். "லீவு சுத்தமா முடிஞ்சிருச்சேக்கா" என்றான். பிறகு, ஒரு ஹோம் நர்ஸ் வைத்தால் என்ன என்றான். வைத்தோம், வேற்றாள் தொட்டால் அப்பா குரலெடுத்து அழுகிறார், இரண்டு பேர் வந்து இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள் என்றேன். முதியோர் இல்லம் என்று இழுத்தான். நான் அவனைப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை விட்டுவிட்டான். "அடுத்த வருஷம் நான் எப்படியும் வர்றேன், அதுவரைக்கும் மாத்திரையில ஓட்ட முடியாதான்னு டாக்டர்கிட்ட கேளேன்" என்றான். கடைசியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இருக்கிறதாலதான்க்கா நான் அங்க நிம்மதியா தூங்குறேன்" என்றான். அவன் அதை அன்பாகத்தான் சொன்னான். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. அன்பாகச் சொல்லும்போது திட்டவும் முடியவில்லை.

கையைக் கழுவிவிட்டு அவன் பையிலிருந்து அந்தப் புது டப்பாவை எடுத்தான். எரிந்துபோனதற்குப் பதிலாக இங்கே தன் பேரில் புதிதாக ஒன்று வைக்கப் போகிறானாம். சுருள் காகிதத்தைப் போட்டான், பிள்ளைகளின் விளையாட்டுக் கார் ஒன்றைப் போட்டான். என்னிடம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டான். நான் சோற்றுப் பொட்டலத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். இரண்டு பாறைகளுக்கு நடுவில், மழை படாத இடமாகத் தேடித் தேடி வைத்தான். சாயாமல் இருக்க அடியில் சின்னக் கல் கொடுத்தான். பிறகு செல்போனில் எதையோ தட்டிக்கொண்டே, "அக்கா, உன் பேரைப் போடறேன் சரியா?" என்றான்.

"எதுக்கு?"

"வெளியூர்க்காரன் சும்மா வச்சிட்டுப் போக முடியாதுக்கா. பக்கத்துல யாராச்சும் பாத்துக்கணும்னு ரூல். மாசம் ஒருக்கா பஸ் ஏறி வந்து, ஈரமாயிருக்கா, மூடி ஒடஞ்சிருக்கான்னு பாத்தாப் போதும்."

"ஏலே, அந்தப் பேரை அழி" என்றேன்.

"ஏன்க்கா, சின்ன விஷயம்தான?"

"அழிடா. என்னால இன்னொன்னைப் பாத்துக்க முடியாது."

என் குரல் உயர்ந்ததும் டீக்கடைப் பெண் திரும்பிப் பார்த்தாள். தம்பி என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தான். இப்போதாவது உறைத்திருக்கும் என்று நினைத்தேன். அவன் குனிந்து டப்பாவை எடுத்து, ஒட்டியிருந்த மண்ணைத் தட்டி, பைக்குள் வைத்துக்கொண்டான். "பரவால்லக்கா, நானே கொண்டுபோயிடறேன். பாத்துக்க ஆளில்லாம இப்படி விட்டுட்டுப் போறது ரொம்பத் தப்பு" என்றான். குத்திக்காட்டவில்லை. அவனுக்கு அது மனசார ஒரு நியாயமாகப் பட்டிருக்கிறது. அந்த விளையாட்டில் அவன் ஒழுங்கானவன்.

ஏற்றத்தில் என்னால் முடியவில்லை. நடுவில் இரண்டு இடத்தில் வேரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது, நீ வாக்கிங் போகணும் என்றான். காரில் மலை இறங்குகிற வழி முழுக்க நான் பேசவில்லை. அவனும் பேசவில்லை, வளைவுகள் இருந்தன.

ஆபரேஷன் தள்ளிப்போயிற்று. இதை எழுதுகிற இன்றைக்கும் தள்ளித்தான் கிடக்கிறது. அவன் சொன்ன அடுத்த வருஷம் இன்னும் வரவில்லை.

அன்றைக்குப் பொழுது சாய வீடு வந்து சேர்ந்தோம். மதினி செருப்பைப் போட்டுக்கொண்டே வாசலில் நின்றிருந்தாள். தம்பி பெட்டியைத் திறந்து, அந்த டப்பாவைத் துண்டில் சுற்றி, நசுங்காமல் துணிகளுக்கு நடுவில் வைத்தான். அப்பாவின் காலைத் தொட்டு, "அக்கா பாத்துக்கும்ப்பா" என்றான். அப்பாவுக்கு வாய் கோணிவிட்டதால் பேச்சு குழறும். எனக்கு மட்டும்தான் புரியும். மகன் கார் ஏறுவதை வாசலிலிருந்து பார்க்க வேண்டும் என்றார்.

தம்பியின் இரண்டு கையிலும் பெட்டி இருந்தது. நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அப்பாவின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினேன்.