சூடு ஆறுவதற்குள்

திருப்பூரிலிருந்து கீழமுனைப்பட்டினத்துக்கு நேர் பஸ் ஒன்று உண்டு. கடற்கரையிலிருந்து திருப்பூருக்கு வரும்போது அதில் நிற்கக்கூட இடமிருக்காது. திரும்பிப் போகும்போது, பண்டிகை நாள் தவிர, காலை நீட்டிப் படுத்துக்கொண்டே போகலாம். ஒரு ஊர் பிழைக்கிறதா சாகிறதா என்று அறியப் புள்ளிவிவரம் தேவையில்லை. பஸ் எந்தப் பக்கம் நிறைகிறது என்று பார்த்தால் போதும். பக்கீர் முகமது தன் ஐம்பத்து மூன்றாவது வயதில், மனைவி சாயிரா பானுவையும் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு, காலியாகப் போகிற பக்கம் ஏறினார்.

கண்டக்டருக்குச் சந்தேகம். "ஏதாச்சும் துக்கமுங்களா பாய்?" என்று கேட்டார்.

"இல்லீங்க. குடி போறமுங்க."

கண்டக்டர் மீதிச் சில்லறையை உடனே எண்ணிக் கொடுத்துவிட்டார். கண்டக்டர்கள் காட்டுகிற அதிகபட்ச அனுதாபம் அது.

பக்கீர் முகமது வீரபாண்டியில் பிறந்தவர். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற பொடியனாக நுழைந்து, மீசை அரும்பும் வயதில் அயர்ன் டேபிளுக்கு வந்து, அங்கேயே நரைத்தவர். கடைசியில் சொந்தமாக நாலு டேபிளும் ஒரு சின்ன பாய்லரும் வைத்துக்கொண்டு, கம்பெனிகள் அனுப்புகிற துணியைத் தேய்த்து, மடித்து, கவரில் போட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கொடுத்தார். அவருக்கென்று ஒரு முறை இருந்தது. தேய்த்த பீஸின் சூடு ஆறுவதற்குள் அது கவருக்குள் போய்விட வேண்டும். ஆறவிட்டு மடித்தால் துணி தன் பழைய சுருக்கத்தை நினைத்துக்கொள்ளும் என்பார். சூட்டோடு மூடினால் கப்பலேறிக் கடல் தாண்டிக் கடையில் பிரிக்கிறவரைக்கும் மடிப்பு மடிப்பாகவே இருக்கும். வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கான வெள்ளைச் சட்டை என்றால் பக்கீர் பாயிடம்தான் போக வேண்டும் என்று பெருமாநல்லூர் வரைக்கும் பெயர். அத்தனை குழந்தைகளுக்கும் தேய்த்துக் கொடுத்தவர் தன் சட்டையைத் தேய்த்து யாரும் பார்த்ததில்லை.

சாயிரா கீழமுனைப்பட்டினத்துப் பெண். கல்யாணமாகித் திருப்பூர் வந்தவள் செக்கிங் பிரிவில் உட்கார்ந்தாள். பீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓட்டையும் கறையும் கண்டுபிடிக்கிற வேலை. ஒவ்வொரு முறை உதறும்போதும் பஞ்சுத்தூசி மூக்குக்குள் போனது. முதலில் மூக்கு செத்தது, அவளுக்கும் அவருக்கும். ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து பாத்திரம் கருகிப் புகை தெருவுக்குப் போனபோது புருஷன் பெண்டாட்டி இருவரும் பக்கத்து அறையில்தான் இருந்தார்கள். எதிர் வீட்டுக்காரர் ஓடி வந்து சொல்ல வேண்டியிருந்தது. அதை ஒரு வேடிக்கையாகவே இரண்டு பேரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு இழுப்பு வந்தது. மாடிப்படி ஏறினால் வந்தது, அப்புறம் படி இல்லாமலே வந்தது. உறிஞ்சு மருந்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். ஊரை மாற்றாவிட்டால் நான் மருந்தை மட்டும்தான் மாற்றிக்கொண்டிருப்பேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டாக்டர் சொன்னதற்காக மட்டும் திருப்பூரில் யாரும் ஊர் மாறுவதில்லை. அந்தச் சமயம் பார்த்து அமெரிக்காக்காரன் வரியை ஏற்றினான். கம்பெனிகள் ஆர்டரை நிறுத்தின. பக்கீர் பாயின் டேபிள்கள் சும்மா கிடந்தன. ஒரே மகள் அல்ஃபியாவை உடுமலையில் கட்டிக் கொடுத்தாயிற்று. இருந்தால் இங்கே சும்மா இருக்க வேண்டும். போனால் அங்கே சாயிராவாவது மூச்சு விடுவாள். டேபிளையும் பாய்லரையும் ஒரு லாரியில் முன்னே அனுப்பிவிட்டு பஸ் ஏறினார்.

கீழமுனைப்பட்டினம் ஒரு காலத்தில் துறைமுகம். இப்போது முகத்துவாரத்தில் மண் மேடிட்டு, பெரிய படகுகள் வேறு ஊருக்குப் போய்விட்டன. மீன் குறைந்ததால் ஐஸ் பேக்டரி மூடிக் கிடந்தது. தெருவில் பாதி வீடு பூட்டு. உப்புக்காற்றில் அந்தப் பூட்டுகள் துருப்பிடித்துச் சாவிக்குத் திறப்பதில்லை. பெருநாளுக்கு ஊர் திரும்புகிறவர்கள் சுத்தியலோடு வருவார்கள். ஊரில் நன்றாக நடந்த ஒரே வியாபாரம் பஸ் டிக்கெட் போட்டுக் கொடுக்கிற கடை.

அந்த ஊரில் சாயிரா மூச்சு விட்டாள். முதலில் வாசல் வரை நடந்தாள், பிறகு பள்ளிவாசல் முக்கு வரை, பிறகு கரை வரை. மருந்துக் குழாய் தலையணையை விட்டு அலமாரிக்குப் போனது. ஒருநாள் கருவாட்டுக் களத்தைத் தாண்டும்போது சட்டென்று நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். "எங்க ஊரு இம்புட்டு நாறும்னு மறந்தே போச்சுங்க" என்றாள். ஒரு நாற்றத்தைப் பற்றி அவ்வளவு சந்தோஷமாக ஒருவர் பேசிப் பக்கீர் பாய் கேட்டதில்லை. அவருக்கு எந்த நாற்றமும் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டி வைத்தார்.

அவளுக்கு மூச்சு இருக்கிற ஊரில் அவருக்குச் சோறு இல்லை. சாரம் என்கிற லுங்கியும் பனியனுமாக நடமாடுகிற ஊரில் தேய்ப்பதற்கு ஒருவருக்கும் எதுவும் இல்லை. மீன் கூடை தூக்கப் போனார்; இரண்டாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஊர் மாப்பிள்ளை கூடை தூக்குவது ஊருக்கும் சங்கடம். கையிருப்பு கரைவது தெரியாமல் இருக்க அவர் அதை எண்ணுவதை நிறுத்தினார். தொழுகைக்குப் போனார், வந்தார், படுத்தார். டேபிள்கள் கூடத்தில் போர்வை மூடிக் கிடந்தன, அடக்கத்துக்குக் காத்திருக்கிற மையித்துகள் மாதிரி. இப்படியே போனால் திரும்ப வேண்டும். திரும்பினால் அவள் மூச்சு மறுபடி தலையணைக்கு அடியில். இந்தக் கணக்கை அவர் எந்தப் பக்கத்திலிருந்து போட்டாலும் விடை மாறவில்லை.

அப்போதுதான் திருப்பூரில் காற்று திசை மாறியது. நின்ற ஆர்டர்கள் ஒட்டுமொத்தமாக, எல்லாம் அவசரம் அவசரம் என்று வந்தன. வேலை இல்லாதபோது வடக்கத்தி ஆட்களை ஊருக்கு அனுப்பினவர்களுக்கு வேலை வந்தபோது ஆள் இல்லை. பக்கீர் பாய் ஆறுச்சாமிக்குப் போன் போட்டார். ஆறுச்சாமி பெருமாநல்லூர்க் கம்பெனி ஒன்றின் மேனேஜர், பழைய பழக்கம். தூத்துக்குடி துறைமுகம் தனக்குப் பக்கம், திருப்பூரிலிருந்து தைத்த துணியை அனுப்பினால் தேய்த்துப் பேக் செய்து நேரே கப்பலுக்கு அனுப்பிவிடலாம், இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை என்று எடுத்துச் சொன்னார். ஆறுச்சாமி யோசித்தார்.

"உங்க கைன்னா நம்பலாமுங்க பாய். ஆனா தேதி தப்பக் கூடாதுங்க. இது சரியாப் போச்சுன்னா மாசா மாசம் அங்கயே அனுப்பிர்றனுங்க."

மாதாமாதம். பக்கீர் பாய் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். வேலை மாதாமாதம் வந்தால் சாயிரா மாதாமாதம் மூச்சு விடலாம்.

ஊரில் பெரிய கூரை உள்ள காலிக் கட்டடம் ஐஸ் பேக்டரிதான். குளிர் வெளியே போகாமலிருக்கக் கட்டியது. ஜன்னல் கிடையாது, சுவர் முழங்கை கனம். தூசி வராது, வெள்ளைத் துணிக்கு இதைவிட நல்ல இடம் இல்லை என்று அவர் அதைப் பார்த்த மாத்திரத்தில் முடிவு செய்தார். படகு ஓடாத வீட்டுப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி மாதிரி ராமுத்தாய். சின்ன வயதில் சாயிராவோடு பள்ளிக்கூடம் போனவள், அவளை அக்கா என்றும் அவரை மச்சான் என்றும் அழைப்பாள். அவருடைய கொங்குப் பேச்சு அவர்களுக்குத் தீராத விளையாட்டு. "நாயி உள்ள வந்துருச்சு, அதையும் 'வெளிய போங்க'ன்னு தொரத்துறாரு எங்க மச்சான். அது மருவாதைக்கு மயங்கி உக்காந்துக்கிருச்சு" என்று ராமுத்தாய் சொன்னபோது, அந்தக் கட்டடத்தில் பல வருஷத்துக்குப் பிறகு சத்தமாகச் சிரிப்புக் கேட்டது.

பாய்லர் சீறியது. வெள்ளைவெளேரென்று குழந்தைச் சட்டைகள். அவர் தன் முறையை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். தேய், மடி, சூடு ஆறுவதற்குள் கவருக்குள் போடு, ஒட்டு. பெண்கள் சீக்கிரம் பழகினார்கள். பெட்டிகள் சுவரோரம் உயர்ந்தன. சாயிராவைப் பஞ்சு பக்கம் விடவில்லை; மூடிய பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலை மட்டும் கொடுத்தார்.

பாதி வேலை முடிந்த ஒரு மத்தியானம் அவள் ஒரு பெட்டியின் மேல் கையை வைத்தபடி நின்றாள். முதல் வாரம் அடுக்கிய பெட்டி அது.

"என்னங்க, இதத் தொறந்து பாருங்களேன். என்னமோ வாசம் வருது."

"என்ன வாசம்?"

"ஈரத்துணிய சுருட்டி வச்ச மாதிரி. மழ காலத்துல பாய்க்கு அடியில வருமே, அது."

அவர் குனிந்து மூக்கை வைத்துப் பார்த்தார். அட்டை வாசம்கூட வரவில்லை. ஒட்டிய பெட்டியைப் பிரித்தால் மறுபடி எல்லாம் எண்ணி அடுக்க வேண்டும். கையில் இருப்பதோ தேதி. திருப்பூர்க்காரனுக்கு மறுமை நாளுக்கும் ஷிப்மென்ட் நாளுக்கும் அதிக வித்தியாசம் கிடையாது. சொல்லப்போனால் முதலாவதற்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு.

"பால் தீஞ்சப்ப எங்க புள்ள போயிருந்துச்சு இந்த மூக்கு?" என்றார்.

பெண்கள் சிரித்தார்கள். சாயிராவும் சிரித்தாள். பிறகு ஸ்டிக்கரை எடுத்து, அந்தப் பெட்டியில் கோணாமல் ஒட்டினாள்.

தேதி தப்பவில்லை. ஒருநாள் முன்னதாகவே லாரி தூத்துக்குடி போனது. அங்கே குடோனில், வாங்குகிற கம்பெனியின் ஆய்வாளர் ஒரு பெட்டியைப் பிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். உள்ளே கவருக்குள் வெள்ளைச் சட்டையில் மிளகு தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள். பூஞ்சணம். திருப்பூரில் பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற காய்ந்த காற்று, தேய்க்கும்போது துணியில் தங்குகிற நீராவியை எப்போதோ குடித்துவிட்டிருக்கும். இத்தனை வருஷம் அவருடைய முறையில் பாதி வேலையைச் செய்தது அந்தக் காற்றுதான். அதற்கு யாரும் கூலி கொடுத்ததில்லை, அதனால் அது வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இங்கே ஜன்னலில்லாத கட்டடத்தில், உப்புக்காற்றின் ஈரத்தில், சூட்டோடு ஆவியையும் சேர்த்து அவர் மூடிக் கொடுத்திருந்தார்.

ஆறுச்சாமி தூத்துக்குடியிலிருந்து பேசினார். கொங்குநாட்டில் கழுத்தை நெரித்தாலும் மரியாதையோடுதான் நெரிப்பார்கள்.

"ஏனுங்க பாய், உங்களுக்கு வாசங்கூடத் தெரியலீங்களா?"

ஆறுச்சாமி பெருமூச்சு விட்டார். பெட்டிகளைத் திருப்பி அனுப்புவதாகவும், கம்பெனி இனி அந்தப் பக்கம் துணி அனுப்பாது என்றும் சொன்னார். பிறகு, தணிந்து, "நம்ம கம்பெனில அயர்ன் டேபிள் காலியாத்தானுங்க இருக்குது. நீங்க எப்ப வேணாலும் வாங்க" என்றார். அது கருணைதான். அதனாலேயே தாங்க முடியவில்லை.

பெட்டிகள் திரும்பி வந்தன. பெண்கள் அத்தனை சட்டையையும் பிரித்து ஐஸ் பேக்டரி மொட்டைமாடியிலும் படகுகளின் மேலும் காயப்போட்டார்கள். ஓடாத படகுகளெல்லாம் வெள்ளை உடுத்தி நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ விசேஷம் மாதிரி இருந்தது. வெயிலில் ஈரம் போனது, புள்ளி போகவில்லை. ராமுத்தாய் ஒன்றை எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு, "நம்ம ஊருல வெள்ளையா இருக்குறது எதுதான் நெலைச்சுச்சு மச்சான், உப்பே நெலைக்கல" என்றாள். அந்த வாரமே டிக்கெட் கடைக்குப் போய்த் திருப்பூருக்கு இடம் போட்டாள்.

பக்கீர் பாய் ஐஸ் பேக்டரிக்குள் மிச்சமிருந்த கடைசிப் பெட்டியைப் பிரித்தார். ஒரு கவரைக் கிழித்தார். அப்படியே நின்றார். மறுபடி அதை முகத்தோடு சேர்த்தார். வெளியே ஓடி வந்து சாயிராவிடம் நீட்டினார்.

"வாசம் வருது புள்ள. மழ காலத்துப் பாயி."

அவள் சட்டையை வாங்கிப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தாள். "வருதா? நெசமா?" என்றாள். தொலைந்துபோன ஒன்று கிடைத்துவிட்டது போல இருந்தது அவள் கேட்ட விதம். இரண்டு பேருக்கும் சேர்ந்து சந்தோஷப்பட அந்த வருஷத்தில் கிடைத்தது அந்த ஒரு பூஞ்சண நாற்றம்தான். அது கிடைத்ததே அவர் திருப்பூருக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில்.

நானும் வரட்டுமா என்று அவள் கேட்கவில்லை. வா என்று அவரும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் இரண்டு பேரும் பொய் சொல்ல வேண்டியிருக்கும். டேபிள்களை ஐஸ் பேக்டரியிலேயே விட்டார். இந்த முறை பஸ்ஸில் உட்கார இடமில்லை. ராமுத்தாய் தன் மூட்டை மேல் அவரை உட்காரச் சொன்னாள். வழி முழுக்க ஊர்க்காரர்கள் எந்தக் கம்பெனி நல்ல கம்பெனி, எங்கே சாப்பாடு தருவார்கள் என்று அவரிடம் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். அவரும் விவரமாகச் சொன்னார்.

பெருமாநல்லூரில் இப்போது அடுத்தவர் டேபிளில் நிற்கிறார். தினமும் வேலை விட்டதும் சாயிரா கூப்பிடுவாள். சாப்பிட்டீர்களா என்று கேட்க மாட்டாள். "இன்னைக்கு என்ன வாசம்?" என்பாள். முதல் மாதத்தில் அவருக்குச் சொல்லி முடியவில்லை. சாயப் பட்டறைக் காற்று, பக்கத்து டேபிள் பீகார்ப் பையன் தடவுகிற கடுகெண்ணெய், தேய்க்கும்போது பருத்தியிலிருந்து எழுகிற சோற்றுக்கஞ்சி மாதிரி ஒரு மணம். இத்தனை வருஷம் நின்ற இடத்தில் இத்தனை வாசம் இருந்ததா என்று அவருக்கே ஆச்சரியம். பிறகு ஒவ்வொன்றாகக் குறைந்தது. சாயம் போயிற்று, கஞ்சி போயிற்று. கடுகெண்ணெய் கொஞ்சநாள் தாக்குப்பிடித்தது. சில நாட்களாக அவர் ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நேற்று கேட்டபோது, "மழ வாசம் புள்ள. மண்ணு நனைஞ்சு கெடக்குது, கமகமன்னு" என்றார்.

கம்பெனித் தங்குமிடத்தில் அடுத்த படுக்கையில், கூடவே வேலைக்கு வந்திருந்த ராமுத்தாயின் புருஷன் விசிறிக்கொண்டிருந்தான். திருப்பூரில் மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது. ராமுத்தாயும் தினமும் சாயிராவோடு பேசுகிறவள்தான். வெயிலைத் திட்டாமல் அவள் பேச்சு தொடங்குவதில்லை.

அந்தப் பக்கம் சாயிரா நீளமாக ஒரு மூச்சு இழுத்து விட்டாள். தடையில்லாத, முழு மூச்சு. போனில் தெளிவாகக் கேட்டது.

"நனையாமப் போங்க" என்றாள்.